ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் ஓர் எண் வேண்டும்

மருந்து அட்டைகளில் என்ன அச்சிட வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ரத்தசோகையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னதை எங்களுக்கு முன்பே படித்தவர்கள் நீங்கள். நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள், ரத்தம் குறைந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டு என்ற திட்டமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் நேராகக் கேட்டுவிடுகிறோம். இரும்புச்சத்து மருந்து எதுவானாலும், அதில் தனிம இரும்பு, அதாவது சேர்ந்திருக்கும் மற்றவற்றைக் கழித்த அசல் இரும்பு, எத்தனை மில்லிகிராம் என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வையுங்கள்.

இப்போது என்ன இருக்கிறது? இரும்பு பெரும்பாலும் ஏதாவது ஓர் உப்பாகத்தான் மாத்திரைக்குள் போகிறது. சல்பேட், ஃபூமரேட், குளுக்கோனேட், அஸ்கார்பேட் என்று அந்த உப்பின் பெயரும் எடையும் அட்டையின் பின்பக்கம் பொடி ஆங்கிலத்தில் இருக்கும். சிலவற்றில் தனிம இரும்பின் அளவும் கூடவே இருக்கும், சிலவற்றில் தேட வேண்டும். வாங்குபவர் கண்ணில் படுவது பெரிய எண் மட்டும். 300 மி.கி. ஃபெரஸ் ஃபூமரேட்டில் ஏறக்குறைய 98 மி.கி. இரும்பு உண்டு. அதே 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 35 தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 மி.கி. இரும்பு வேண்டுமென்றால் ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் 300 மி.கி., ஃபூமரேட்டில் 180, குளுக்கோனேட்டில் 500 எடுக்க வேண்டும். வேதியியல் படித்தவர்களுக்கே தாளும் பேனாவும் வேண்டிய இந்தக் கணக்கை, தலைசுற்றலோடு மருந்துக்கடை வாசலில் நிற்கும் ஆறு மாதக் கர்ப்பிணி எப்படிப் போடுவாள்?

டானிக் பாட்டிலில் இது இன்னும் மோசம். 15 மி.லி.-யில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மி.கி. என்று எழுதியிருக்கும். அரசு மாத்திரையில் 60, இதில் 160, ஆகவே இது சத்து கூடுதல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த 160-இல் இரும்பு 33 மி.கி. கூட முழுதாக இல்லை. இரும்பு மருந்துகளில் ஃபெரஸ், ஃபெரிக் என்று இரண்டு வடிவம் உண்டு; இது ஃபெரிக். ஃபெரஸ் அளவுக்குக் குடல் அதை உறிஞ்சாது. மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டுக் காலையும் இரவும் ஒவ்வொரு மூடி (15 மி.லி.) டானிக் குடிப்பவளுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 66 மி.கி.க்குள். ரத்தசோகை உள்ள அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு மாத்திரையின் 120. மாதம் முழுக்கத் தவறாமல் குடிப்பாள், மாதக் கடைசியில் ரத்தம் ஏறியிருக்காது. "ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்ற கேள்வி மட்டும் அவளுக்குக் கிடைக்கும்.

அந்தக் கேள்விதான் எங்களைப் பொறுமை இழக்க வைக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுவது என்றால் என்னவென்று ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 9 உள்ள கர்ப்பிணிக்கு நாளுக்கு இரும்பு மாத்திரை இரண்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டு. இரும்பு வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. சுண்ணாம்புச் சத்தைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்து இரும்பைச் சரியாகச் சேரவிடாது. டீ, காபியிலிருந்தும் ஒரு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டால் அதுவும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். இப்போது காலை ஆறுக்கு டீ, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்கு மில் வேன் என்று ஓடும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இரும்பு போடச் சரியான நேரம் காலை பத்தும் இரவு பத்தும். காலை பத்துக்கு அவள் இயந்திரத்தின் முன் நிற்கிறாள். வெறும் வயிற்றில் போட்ட இரும்பு அரை மணியில் குமட்டும். எழுந்து போக அனுமதி கேட்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறாள், அல்லது இரும்பை மட்டும் விட்டுவிடுகிறாள். நான்கு மாத்திரையும் ஒரே காகித உறையில் போட்டுக் கொடுக்கப்படும்போது அவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறோம்?

இவளுக்கு வழி இல்லாமல் இல்லை. குமட்டலும் மலச்சிக்கலும் பெரும்பாலும் குடலில் சேராமல் தங்கும் இரும்பின் அளவைப் பொறுத்தவை. இரவு படுக்கப் போகும்போது முதல் மாத்திரையைப் போடலாம். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். தாங்கவே முடியாவிட்டால் இரும்பு குறைந்த மாத்திரையாக மாற்றி, வேளையைக் கூட்டிக் கொடுக்கலாம். "வயிற்றுக்கு இதமானது" என்று விற்கப்படும் பல மாத்திரைகளின் இதம் எங்கிருந்து வருகிறது? ஒரு மாத்திரையில் இரும்பு குறைவு, அவ்வளவுதான். அது தெரிந்தால் எத்தனை மாத்திரை போட வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியரே சொல்லிவிடுவார். மெதுவாகக் கரையும் மாத்திரைகளும், இரைப்பையில் கரையாத மேல்பூச்சு கொண்டவையும் குமட்டலைக் குறைக்கும். ஆனால் இரும்பு சேரும் சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிய பிறகே அவை கரைவதால் கிடைக்கும் பலனும் குறைவு. பாலிமால்டோஸ் என்ற ஃபெரிக் கூட்டுப்பொருள் சாப்பாட்டோடு எடுக்கத் தோதானது. ஆனால் அதன் 100-ம் ஃபெரஸ் அஸ்கார்பேட்டின் 100-ம் ஒன்றல்ல. ஆகவே எண்ணோடு ஃபெரஸா ஃபெரிக்கா என்ற ஒரு சொல்லும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக் கொடுப்பது குருட்டாம்போக்கில் கொடுப்பதுதான்.

மாத்திரையில் ரத்தம் ஏறாமல் எட்டாம் மாதம் வந்துவிட்டால் அடுத்தது ஊசி. 50 கிலோ எடை, ஹீமோகுளோபின் 7.5, அதை 11-க்குக் கொண்டுவர வேண்டும். எடையை அந்த வித்தியாசத்தாலும் 2.4-ஆலும் பெருக்கி, உடலின் இரும்புச் சேமிப்புக்கு 500 கூட்டினால் 920 மி.கி. வருகிறது. இரும்பு சுக்ரோஸ் என்றால் ஒரு முறைக்கு 200 மி.கி.; ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் சலைனில் கலந்து 15 நிமிடத்தில் ஒரே முறையில் ஏற்றிவிடலாம். நிறைமாத வயிற்றோடு பேருந்து மாறி ஐந்து முறை வந்து போவதற்கு ஆகும் கூலி இழப்பை மருந்து விலைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. மூன்றாவது முறையோடு வராமல் போனவளை "தொடரவில்லை" என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறோம். அப்படி எழுதும்போது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊசி வேறு கோப்பு, அட்டை வேறு கோப்பு என்பது எங்களுக்குத் தெரியும். கேட்டதற்கே திரும்பி வருகிறோம்.

தனிம இரும்பின் அளவை அச்சிடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் குழந்தைகள். சர்க்கரைப் பூச்சுள்ள சிவப்பு மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பைத் தாண்டினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம், 60 மி.கி. என்றால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மி.கி. மாத்திரை பத்து, அதாவது ஒரே ஓர் அட்டை, அந்த எல்லையைத் தொட்டுவிடும். விஷ முறிவுக்குக் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடித்து நிறுத்தாது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்து தேவைப்படுமா என்று கணிக்க மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை மாத்திரை, ஒன்றில் எவ்வளவு இரும்பு என்பதைத்தான். கத்தரித்துக் கொடுத்த நான்கு மாத்திரைத் துண்டில் அந்த விவரம் இருப்பதில்லை. அது கடையில் நின்றுவிட்ட பாதியில் இருக்கிறது.

சிறு குழந்தைகளுக்கான அரசு சிரப்பில் 1 மி.லி.-க்கு 20 மி.கி. இரும்பு. கொடுக்க வேண்டியது வாரம் இருமுறை, 1 மி.லி. மட்டும். வீட்டில் இருக்கும் 5 மி.லி. கரண்டியில் ஊற்றினால் அது 100 மி.கி. பாட்டிலின் முன்பக்கம் தமிழில் எழுதியிருந்தால் தாயே நிதானிப்பாள்.

நாங்கள் கேட்கும் வரி சிறியது: "ஒரு மாத்திரையில் இரும்பு 60 மி.கி., ஃபெரஸ்." அதை அட்டையில் ஒரு மூலையில் அச்சிடாமல், எந்த இடத்தில் கத்தரித்தாலும் துண்டில் தங்கும்படி ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அச்சிட வேண்டும். சிரப்பிலும் டானிக்கிலும் 1 மி.லி.-க்கு எவ்வளவு, ஒரு மூடிக்கு எவ்வளவு என்று இரண்டும் வேண்டும். உதிரியாகக் கொடுக்கும் இடங்களில் இதே வரியோடு, "சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள்" என்றும் அச்சிட்ட தனி உறை வேண்டும்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை எழுதும்போது அரசு வாங்கும் மருந்துக்கு இந்த வரியைச் சேர்த்துவிட முடியும். தனியார் மருந்துக்கு விதியில் திருத்தம் வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதை அறிவோம். முதலாவதையாவது இந்த ஆண்டே செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்துக்கடைகளிலும் இந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்கள் சிலர்