ஆண்டறிக்கை 2024–25: இரண்டு முறை எரிந்த போர் மோட்டார்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் அம்மாப்பேட்டை தெரு மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் கூட்டம் நாலு முறை நடந்தது, சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குத் தெரு முழுக்க சீரியல் லைட் போட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது போர் மோட்டாரைப் பற்றித்தான், ஏனென்றால் சங்கப் பணமும் உங்கள் பொறுமையும் அதிகம் கரைந்தது அதில்தான்.

ஒன்றரை ஹெச்பி, சிங்கிள் ஃபேஸ். ஜூனில் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்தது, கடையில் புதுசாகச் சுற்றிக் கட்டி இறக்கினோம். அக்டோபரில் மறுபடியும் எரிந்தது. வைண்டிங் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனோம். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை இந்தக் கூட்டத்திலேயே பதிவு செய்கிறேன், நேரில் போய் வருத்தமும் தெரிவித்துவிட்டேன்.

இரண்டாவது தடவை மோட்டாரை இறக்கியபோது, நம் தெருவில் தறி மோட்டார் வேலை பார்க்கும் தம்பி, "அண்ணே, ஒரு தடவை ஓட விட்டு அளந்து பார்த்துடலாம்" என்றார். மீட்டர் பெட்டியில் 228 வோல்ட். போர் பக்கத்து ஸ்டார்ட்டரில் 204. மோட்டாரை நிறுத்தினால் ஸ்டார்ட்டரிலும் அதே 228! இத்தனை மாதமும் நாங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வோல்டேஜ் பார்த்திருக்கிறோம், அதனால்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒயரில் கரண்ட் ஓடினால்தான் வோல்டேஜ் விழும். ஜெர்மன்காரர் ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இதுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை.

அப்புறம் கணக்கு போட்டோம். பெட்டியிலிருந்து போர் வரை 60 மீட்டர், போக வர 120 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். அந்த ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம், ஆக நம் ஒயருக்கு 0.9 ஓம். ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டியது 10 ஆம்பியர். அப்படியென்றால் 9 வோல்ட் விழலாம், நியாயம். விழுந்ததோ 24. மீதி 15 வோல்ட் எங்கே போனது?

வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஜாயிண்ட். முறுக்கி டேப் சுற்றியது. கரண்டை நிறுத்திப் பிரித்துப் பார்த்தால், டேப் வெல்லப்பாகு மாதிரி இளகிக் கையில் ஒட்டியது, உள்ளே காப்பர் கருகிக் கிடந்தது. தம்பி கையுறை போட்டுக்கொண்டு, மோட்டாரை ஓடவிட்டு, வோல்ட் மீட்டர் ஒயரின் முனைகளை ஜாயிண்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தார். சரியாக 15 வோல்ட். (ஓடுகிற லைனில் இந்த வேலையை எலெக்ட்ரீஷியன் தவிர யாரும் செய்யக்கூடாது, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.) 15-ஐ 10-ஆல் வகுத்தால் 1.5 ஓம். 15-ஐ 10-ஆல் பெருக்கினால் 150 வாட். கட்டைவிரல் அளவு இடத்தில் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஆறு சேர்ந்து சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது! தினம் 4 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட், எல்லாம் வெறும் சூடு.

மோட்டார் எரிந்ததற்கும் இதுதான் காரணம். இஸ்திரிப் பெட்டிக்கு வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறையும். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 200 வோல்ட்டில் சுமார் 756 வாட், சட்டை சரியாக மடியாது, அவ்வளவுதான். மோட்டார் அப்படியில்லை. அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும், அதனால் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கேட்கும்போது வோல்டேஜ் இன்னும் கீழே போய், முனகிக்கொண்டே நிற்கும். அந்த முனகலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

இப்போது 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், நடுவில் ஜாயிண்ட்டே இல்லாமல் இழுத்திருக்கிறோம். மொத்தம் 0.55 ஓம்.

அரையாண்டு லீவில் பிள்ளைகளுக்கு இதே கணக்கைச் சொல்லிக் கொடுத்தோம். 100 வாட் குண்டு பல்ப் 230 வோல்ட்டுக்கு 529 ஓம் வர வேண்டும். மீட்டர் வைத்தால் 40 ஓம் பக்கம்தான் காட்டியது. எட்டாவது படிக்கும் பாப்பா மீட்டர் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரிப்பேர் இல்லை. அணைந்திருக்கும் பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்து கிடக்கிறது, வெள்ளையாகக் காய்ந்த பிறகுதான் தடை அவ்வளவு ஏறும். தடை குறைவான அந்த முதல் நொடியில் கரண்ட் பல மடங்கு பாயும், குண்டு பல்ப் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் ஃபியூஸ் ஆவதும் அதனால்தான். இதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டியிருந்தால் 16 ஆம்பியருக்கு மாற்றுங்கள். பிளக் சுடுகிறது என்றால் அங்கேயும் ஒரு வேப்பமரத்தடி ஜாயிண்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நோட்டு ஒன்று தொங்குகிறது. மாதா மாதம் கடைசி ஞாயிறு தம்பி அளந்து சொல்வார், எழுதுவதற்கு இரண்டு பேர் பெயர் கொடுங்கள். மார்ச் 30-ல் எழுதியது, மோட்டார் ஓடும்போது: பெட்டியில் 229, ஸ்டார்ட்டரில் 223, 10 ஆம்பியர்.

செயலாளர்