அடைபட்ட வளைவுகள் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி கிராமத்துப் புனித மார்ட்டின் ஆலயத்தை, ஞாயிறு இணைப்பில் ‘12ஆம் நூற்றாண்டில் கட்டியது’ என்றும், சுவரில் தெரியும் வளைவுகளை அலங்காரம் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியல்ல.

இந்த மாதிரி கிராம ஆலயத்துக்குக் கட்டி முடித்த ஆண்டென்று ஒன்று கிடையாது. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியருக்கு முன்பே சிறிதாகத் தொடங்கிய ஆலயம் இது. ஜனம் பெருகியபோது நடுக்கூடத்தை ஒட்டி 12ஆம் நூற்றாண்டில் தெற்கே ஒரு பக்கக்கூடமும், 13இல் வடக்கே இன்னொன்றும் சேர்ந்தன.

பக்கக்கூடம் சேர்க்கப் பழைய சுவரை இடிப்பது வழக்கமில்லை. முதலில் வெளியே புதுச்சுவர் எழுப்பிக் கூரை போடுவார்கள். உள்ளே வழிபாடு நிற்காது. பிறகு தூண் வரும் இடங்களை மட்டும் துளைத்து, மேற்பாரத்துக்கு மரமுட்டுக் கொடுத்து, தூணும் வளைவும் கட்டுவார்கள். சாந்து இறுகிய பிறகுதான் வளைவுக்கு அடியில் இருக்கும் கல் வெளியே வரும். ஆகவே வளைவுக்கு மேலே உள்ள சுவர், வளைவைவிட வயதில் மூத்ததாக இருக்கும்! முட்டுக்கட்டையை அவசரப்பட்டு உருவினால் மேற்சுவர் விரிசல் விடும். சுண்ணாம்புச் சாந்து உறைபனி பட்டால் பொடிந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் வேலையை நிறுத்தி, பாதிச் சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவைப்பார்கள்.

ஊர் தேய்ந்ததும் பக்கக்கூடங்கள் இரண்டையும் இடித்தார்கள். வளைவுகளைக் கல்லால் அடைத்து, இடித்த கூடத்து ஜன்னல்களையே அந்த அடைப்பில் பொருத்தினார்கள். செதுக்கிய கல்லை யார் வீணாக்குவார்கள்? 17ஆம் நூற்றாண்டில், பலிபீடம் இருக்கும் பகுதியையும் குறுக்கினார்கள்.

1348–49இல் பரவிய கொள்ளைநோயால் ஊரே அழிந்தது என்று சொல்லப்படுவதும் மிகை. அதற்குப் பிறகும் குடிகள் இருந்தன. கம்பளிக்காக ஆட்டு மேய்ச்சல் நிலம் வேண்டியிருந்ததால்தான் 1500ஐ ஒட்டிக் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதன் பிறகும் பக்கத்து திக்ஸெண்டேல் மக்களுக்கு, 1870 வாக்கில் சொந்த ஆலயம் அமையும்வரை, இதுவே பங்கு ஆலயம்.

1949இல் வழிபாடு நின்றது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தகடு திருடுபோக, மழைநீர் உள்ளே இறங்கியது. 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. ஆய்வாளர்கள் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1990 வரை நடத்திய அகழாய்வில் இந்த ஆலயத் தரையையும் தோண்டினார்கள். அடுத்தமுறை கோபுரத்தோடு தெற்குச் சுவரின் வெளிப்புறப் படத்தையும் வெளியிடுங்கள். அடைத்த வளைவுகள் அதில் தெளிவாகத் தெரியும்.

— வாசகர், திருச்சி