2 கிலோ 600 கிராம் என்று விற்ற பெட்டி குறித்துப் புகார்

அனுப்புநர்: கிரானைட் விற்பனைப் பிரதிநிதி, கிருஷ்ணகிரி.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், பயணப்பெட்டி தயாரிப்பு நிறுவனம்.
நாள்: 14.10.2025

பொருள்: 12.01.2025 அன்று உங்கள் இணையதளத்தில் ரூ.6,890 கொடுத்து வாங்கிய நான்கு சக்கரப் பெட்டி உடைந்தது. பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

இம்மாதம் 6-ஆம் தேதி உங்களிடமிருந்து வந்த மூன்று வரிப் பதிலைப் படித்தேன். "அதிக எடை ஏற்றியதாலும் சாதாரணத் தேய்மானத்தாலும் ஏற்பட்ட சேதம் என்பதால் உத்தரவாதத்தில் அடங்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதிக எடையால் உடைந்தது என்றால் அது சாதாரணத் தேய்மானம் அல்ல. சாதாரணத் தேய்மானம் என்றால் நான் அதிக எடை ஏற்றவில்லை. எது என்று முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் அனுப்பிய ஒன்பது படங்களை அங்கே யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கிரானைட் விற்பனைக்காக மாதம் இரண்டு முறையாவது வடக்கே போகிறவன் நான். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமானால் பஸ்ஸில் ஓசூர் வழியாகப் பெங்களூரு சில்க் போர்டு வரை போய், அங்கிருந்து விமான நிலைய பஸ் பிடித்து தேவனஹள்ளி போக வேண்டும். பெட்டியில் இரண்டு நாள் துணிமணியோடு மாதிரிக் கற்களும் இருக்கும். பத்து சென்டிமீட்டர் சதுரம், ஒரு சென்டிமீட்டர் கனம். எங்கள் பக்கத்துப் பாரடைசோ என்ற கிரானைட் கல்லில் அப்படி ஒரு துண்டு சுமார் 270 கிராம். இருபது துண்டு எடுத்துப்போனால் 5 கிலோ 400 கிராம். உள்நாட்டு விமானங்களில் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்ற அனுமதிப்பது பெரும்பாலும் 15 கிலோ; பெட்டியின் சொந்த எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால் பெட்டி எடை எனக்கு விளம்பர வாசகம் அல்ல. அது நான் காட்டக்கூடிய கற்களின் எண்ணிக்கை.

இதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் இரண்டு சக்கரம் வைத்த நைலான் துணிப்பெட்டி வைத்திருந்தேன். நான்கரைக் கிலோ. எதற்கும் அசையாத பெட்டி, ஆனால் கனம். மாற்றலாம் என்று முடிவு செய்து ஒரு மாதம் விசாரித்தேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மலிவு, ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் கொஞ்சம் விலை கூட. அழுத்தினால் உள்ளே போய் மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பாலிபுரொப்பிலீன் இன்னும் லேசு, ஆனால் நான் பார்த்த பெட்டிகளில் ஜிப்பின் தரம் பிடிக்கவில்லை. கடைசியில் "முழுவதும் பாலிகார்பனேட், 2.6 கிலோ, 22 கிலோ வரை தாங்கும், அடிக்கடி பயணம் செய்வோருக்கானது" என்று போட்டிருந்த உங்கள் பெட்டியை வாங்கினேன். அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் இப்போது மாற்றினாலும் என்னிடம் இருக்கும்.

பெட்டி வந்த அன்றே அலுவலகத் தராசில் வைத்தேன். 3 கிலோ 320 கிராம். தராசில் கோளாறு என்று நினைத்து மறுநாள் தபால் நிலையத்தில் கேட்டு, பார்சல் தராசில் வைத்துப் பார்த்தேன். அதே 3 கிலோ 320. அதாவது 720 கிராம் கூடுதல். என் கணக்கில் இரண்டு மாதிரிக் கற்கள் முழுதாக, மூன்றாவதில் பாதிக்கு மேல். அப்போதே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "எடையில் சிறு வேறுபாடு இருக்கலாம்" என்று பதில் வந்தது. மாம்பழ மண்டியில் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்தாலே கூச்சல் போடுகிற ஊர் இது. நான் அன்று பேசாமல் விட்டது என் தவறு.

இப்போது உடைந்த கதை. செப்டம்பர் 22 இரவு ஜெய்ப்பூரிலிருந்து திரும்பினேன். போகும்போது விமான நிலையத்தில் பெட்டியின் மொத்த எடை 14.1 கிலோ. வரும்போது பதினொரு கற்களை வாடிக்கையாளர்களிடம் விட்டுவிட்டதால் 11.1 கிலோ. இரண்டு சீட்டுகளின் படமும் உங்களிடம் இருக்கிறது. நீங்களே சொன்ன 22 கிலோவில் இது ஏறக்குறையப் பாதி. பெங்களூருவில் சுழல்பட்டையிலிருந்து எடுத்தபோது பெட்டியில் கீறல்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து நீங்கள் விமான நிறுவனத்தின்மேல் கை காட்டுவீர்கள் என்று தெரியும்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் இறங்கினேன். வழியெல்லாம் பெட்டியைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நான்கு சக்கரப் பெட்டியை பஸ்ஸில் சும்மா விட்டால் ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் அது அவரை விசாரிக்கக் கிளம்பிவிடும். கீழே இறக்கி வைத்து இருபது அடி இழுத்திருப்பேன். பின்பக்கச் சக்கரம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குப் பெட்டியின் மூலையையும் பிய்த்துக்கொண்டு தனியே வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் கற்கள் தரையில் கொட்டின. டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒன்பது கல்லில் ஒன்றின் விளிம்புகூடச் சிதையவில்லை.

அன்று மாலை, ஊரில் பெட்டி, பை பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். முப்பது ஆண்டுகளாக இதே வேலை செய்கிறவர். உள்துணியின் ஜிப்பைத் திறந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே தகடு எங்கே தம்பி?" என்று கேட்டார். சக்கரத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகளும் வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கியிருந்தன. என் பழைய துணிப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திறந்து காட்டினார். அதில் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் உள்பக்கத்தில் ஒரு கட்டை விரல் அகலத் தகடு இருக்கிறது. சுமை அதில் பரவிவிடும். உங்கள் பெட்டியில் முழுச் சுமையும் நான்கு திருகுத் துளைகளின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. எடையைக் குறைத்தது இங்கேதான் போலிருக்கிறது, அப்படியும் 720 கிராம் கூடிப்போனது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். உடைந்த இடத்தைச் சுற்றி, மடிந்த கோடெல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தது. ஏபிஎஸ் கலந்த பெட்டிகள்தான் இப்படி வெளுத்து உடையும் என்கிறார். நான் ஆய்வகம் வைத்திருப்பவன் அல்ல, அதனால் குற்றம் சாட்டவில்லை. முழுவதும் பாலிகார்பனேட் என்பதற்கான சான்றிதழைக் கேட்கிறேன், அவ்வளவுதான். வேறு சக்கரம் போட்டுத் தர முடியுமா என்று பாயிடம் கேட்டேன். பிடிக்க இடமே இல்லாதபோது எதில் போடுவது என்றார். கூலி வாங்கவில்லை.

உத்தரவாத அட்டைக்கு வருகிறேன். அட்டையின் முகப்பில் "5 ஆண்டு உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் திணற வேண்டிய எழுத்தில், சக்கரம், இழுகைப்பிடி, ஜிப், பூட்டு, உள்துணி ஆகியவை இதில் சேரா என்று இருக்கிறது. அடிக்கடி பயணம் செய்கிறவனின் பெட்டியில் பழுதாவது இவைதான். மிச்சம் இருப்பது பெட்டியின் வெளி ஓடு மட்டும். இப்போது அந்த ஓடும் உடைந்திருக்கிறது. படத்தில் தெரிவது சக்கரம் கழன்றது அல்ல, ஓடு பிய்ந்தது. உங்கள் அட்டையை நீங்களே படித்தாலும் இது உத்தரவாதத்துக்குள் வருகிறது. பெட்டிக்குச் சக்கரம் வைத்ததற்காக அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ காப்புரிமை பெற்றது 1972-இல். அதற்குப் பிறகும் சக்கரத்தை ஏதோ இலவச இணைப்பு போல நடத்துகிறீர்கள்.

பெங்களூரு சேவை மையத்துக்கு என் செலவில் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். போக வர அரை நாளுக்கு மேல், மூன்று சக்கரத்தில் நொண்டும் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு. வர முடியாது.

நான் கேட்பவை இவை. ரூ.6,890-ஐ முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள். அதே பெட்டியில் இன்னொன்று வேண்டாம். அதிலும் தகடு இருக்காது. இணையதளத்தில் இருக்கும் எடையைத் திருத்துங்கள். பாலிகார்பனேட் சான்றிதழை அனுப்புங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்தச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம், உங்கள் தலைமையகத்தைத் தேடி வர வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யவும் எண்ணியிருக்கிறேன்.

போன வாரம் ஐதராபாத்துக்குப் பரணிலிருந்து இறக்கிய அந்தப் பழைய நான்கரைக் கிலோ பெட்டியோடுதான் போய் வந்தேன். பதினாறு கற்கள் மட்டும் எடுத்துப்போனேன்.

உடைந்த துண்டையும் சக்கரத்தையும் நான்கு திருகுகளையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லுங்கள். வருகிறவர் கையில் ஒரு தராசும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.

இணைப்பு: விலைச் சீட்டு, விளம்பரப் பக்கத்தின் படம், தராசுப் படங்கள் இரண்டு, விமான நிலைய எடைச் சீட்டுகள் இரண்டு, உடைந்த பகுதியின் படங்கள் ஒன்பது (மறுபடியும்).