அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில்

திருச்சி,
டிசம்பர் 3

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. ஊர் திரும்பிய அலுப்பு ஒரு பக்கம், பேத்திக்குக் காய்ச்சல் ஒரு பக்கம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் எப்படி இருக்கிறது? ஏப்ரலில் கிளம்பும் குழுவோடு நீயும் ஜப்பான் போகலாமா, அங்கே ரயிலில் ஏறி இறங்க இந்தக் கால் தாங்குமா என்று கேட்டிருந்தாய். கோயில், கோட்டை, மலை எல்லாம் நேரில் சொல்கிறேன். இன்றைக்கு ரயில் மட்டும்.

முதலில் உனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் முதல் பெட்டியில் ஏறினால் கண்ணாடி வழியாக டிரைவரைப் பார்க்கலாம். வெள்ளைக் கையுறை. சிக்னல் வந்தால் விரலை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்கிறார். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதும் அப்படியே. பெட்டியில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றேன். நீயும் உன் அசிஸ்டென்ட்டும் இன்ஜினில் கையைக் காட்டிக் கூவியதைத்தான் உன் வீட்டுத் திண்ணையில் எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய்!

எங்கள் குழுத் தலைவர் இதையே எங்களிடமும் பழக்கிவிட்டார். நாங்கள் 14 பேர். ஆளுக்கு ஒரு எண், நான் 9, கமலா 10. ரயில் ஏறியதும் அவர் விரலை நீட்ட, நாங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். அதுவும் மெதுவாக. அங்கே ரயிலுக்குள் யாரும் போனில் பேசுவதில்லை. நம் ஆள் ஒருவர் காலை வணக்க வீடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார், பெட்டியே எங்களைப் பார்த்தது. அதற்கப்புறம் எண் சொல்வதுகூடக் கிசுகிசுப்புதான்.

ஷின்ஜுகு ஸ்டேஷன் உலகத்திலேயே அதிகக் கூட்டம் வருகிற ஸ்டேஷன், ஒரு நாளைக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் பேர். வெளியே போகும் வழிகளே 200க்கும் அதிகம். “ஷின்ஜுகு ஸ்டேஷனில் சந்திப்போம்” என்று யாராவது சொன்னால் நம்பாதே, எந்த வழி என்று கேள். மூன்றாம் நாள் மெய்ஜி கோயிலுக்குப் போக அங்கிருந்து யாமனோதே ரயிலில் ஹராஜுகு போக வேண்டும். யாமனோதே ஊரை வட்டமாகச் சுற்றுகிற பச்சைக் கோடு, 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் வண்டி 14ஆம் பிளாட்பாரத்தில். அதே மேடையின் மறுபக்கம் 13, அங்கே மஞ்சள் பட்டை போட்ட சோபு வண்டி வரும்.

நானும் கமலாவும் எங்களோடு வந்த காரைக்குடி ஆச்சியும் சற்றுப் பின்தங்கிவிட்டோம். ஆச்சி பையைத் தோளில் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்து நின்றது. வண்டி புறப்படப் போகிறது என்று சொல்லும் சின்ன இசை ஒலித்தது. கூட்டம் தள்ளிய பக்கம் ஏறினோம், கதவு மூடிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. கதவுக்கு மேலே மஞ்சள் கோடு.

எனக்கு வியர்த்துவிட்டது. போன் இருந்தும் பிரயோஜனமில்லை, எங்களுக்கெல்லாம் இணையம் தருகிற பாக்கெட் வைஃபை தலைவர் பையில் இருந்தது. ஆச்சிதான் அசையாமல், “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நிக்கச் சொன்னாகல்ல?” என்றார். முதல் நாளே தலைவர் சொல்லியிருந்த விதி அது. யார் பிரிந்தாலும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கு, பிளாட்பாரத்தை விட்டு நகராதே, தேடிக்கொண்டு போகாதே.

இரண்டே நிமிஷத்தில் யோயோகி. இறங்கினோம். ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து காபியை மூடியில் ஊற்றி எனக்கு நீட்டினார். கை நடுங்கியதில் பாதி சட்டையில்.

ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். படிக்கட்டில் தலைவர் ஓடி வந்தார். பச்சை வண்டிக்குள் எண் சொல்லும்போது 8க்கு அப்புறம் 11 வந்திருக்கிறது, உடனே எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறார். அந்தப் பச்சை வண்டிக்கும் அடுத்த ஸ்டேஷன் யோயோகிதான், ரங்கா! பிளாட்பாரம்தான் வேறு. இதுவே ஒரு ஸ்டேஷன் தள்ளி நடந்திருந்தால் பச்சை ஹராஜுகுக்கும் மஞ்சள் செண்டகயாவுக்கும் போயிருக்கும், நாங்கள் சாயங்காலம் வரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்போம். மறுநாளே கமலாவின் போனுக்குத் தனியாக இணையம் போட்டுக்கொண்டோம். நீ போனால் முதல் நாளே இதைச் செய்.

சரி, கால் விஷயம். உண்மையைச் சொன்னால் ரயிலில் ஏறுவது சுலபம். பெட்டியும் பிளாட்பாரமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், கதவு வரும் இடத்தைத் தரையில் குறித்திருக்கிறார்கள், மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கஷ்டம் நடையில்தான். ஒரு சுரங்க ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே சில இடங்களில் தில்லைநகர் பத்தாவது கிராஸிலிருந்து முதல் கிராஸ் வரை நடந்த மாதிரி இருக்கும். லிஃப்ட் உண்டு, ஆனால் மூலையில் ஒளிந்திருக்கும். காலைக் கூட்டத்தில் போகவே போகாதே. பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டும் போகாதே. டோக்கியோ ஹோட்டலில் கொடுத்தால் கியோட்டோ ஹோட்டலுக்கு மறுநாள் கூரியரில் போய்விடுகிறது. ஷிங்கான்சென் என்கிற புல்லட் ரயில் கியோட்டோவில் ஒன்றிரண்டு நிமிஷம்தான் நிற்கும், அதற்குள் 14 பேர் 14 பெட்டியோடு இறங்குவதை நினைத்துப் பார். (ஃபூஜி மலையைப் பார்க்க வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தோம். மேகம்தான் தெரிந்தது.)

ஜப்பான் எழுத்து தெரியாதே என்று பயப்படாதே. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. கின்சா லைனில் ஷிபுயா ஜி 01, அசகுசா ஜி 19. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்று தெரிந்துவிடும். அந்த லைன் 1927இல் திறந்ததாம், ஆசியாவின் முதல் சுரங்க ரயில்.

டிக்கெட்டுக்குப் பதிலாக சுய்க்கா என்று ஒரு கார்டு, அதைத் தொட்டு உள்ளே போய், தொட்டு வெளியே வரவேண்டும். ஒரு கார்டில் ஒரு ஆள்தான். நம் சிக்கனக்காரர் ஒருவர் தான் தொட்டு நுழைந்துவிட்டு, அதே கார்டை மனைவியிடம் நீட்டினார். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

என் சுய்க்கா கார்டில் இன்னும் 640 யென் மிச்சம் இருக்கிறது. பெயர் போடாத கார்டு, கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 வருஷம் செல்லும். இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். டாக்டர் சரி என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போ, வேண்டாம் என்றால் பொங்கலுக்கு வரும்போது திருப்பிக் கொடு.

அன்புடன்,
சுந்தரம்