எந்தப் பர்னாந்து?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உலகில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வியட்நாமின் நுயென், வேல்ஸின் ஜோன்ஸ் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமே கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்று ஒரே வரியில் நம்மைக் கடந்து போய்விட்டார். தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் பிறந்த எனக்கு அந்த வரி நெஞ்சில் தைத்தது.

1530-களில் எங்கள் பரதவ முன்னோர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்கும் ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயர்கள் அப்படியே குடும்பப் பெயர்களாகத் தங்கின. பர்னாந்து, ரொட்ரிகோ, மோத்தா, மிராந்தா, கர்வாலோ, கொரைரா, வாஸ், கோமஸ். வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரை எந்தக் கடற்கரை ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் இவற்றைப் படிக்கலாம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாகத் தமிழ் பேசுகிறவர்கள் சுமந்துவரும் பெயர்கள் இவை.

இவற்றில் பர்னாந்து மட்டும் கடலளவு பெருகிவிட்டது. என் தாத்தாவும் பர்னாந்து, பாட்டி பிறந்த வீடும் பர்னாந்து. இரண்டு குடும்பங்களுக்கும் இரத்த உறவு கிடையாது. கோவிலில் அவர்களுடைய திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசித்தபோது, 'எந்தப் பர்னாந்து?' என்று பின்வரிசையில் கேட்டார்களாம். ஆகவே பட்டப்பெயர் சொல்லித்தான் வீட்டை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே பெயர் என்றானதும், ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையை அந்தப் பெயரால் செய்ய முடியவில்லை. வேல்ஸில் ஜோன்ஸோடு தொழிலையும் சேர்த்துச் சொல்வதாகத் தங்கள் கட்டுரை குறிப்பிட்டதே, அது எங்கள் தெருவிலும் நடந்த கதைதான்.

ஒரு பெயர் பெருக, இன்னொன்று ஏன் அற்றுப்போகிறது? இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கால்டனும் வாட்சனும் 1874-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆண் பிள்ளை வழியாக மட்டும் பெயர் இறங்கும்போது, மகன் பிறக்காத வீட்டோடு அந்தக் கிளையின் பெயர் நின்றுவிடுகிறது. ஓர் ஊரில் ஒரு பெயருக்கு மூன்றே வீடுகள் இருந்தால், சில தலைமுறைகளில் அது வெறும் தற்செயலாலேயே அழிந்துவிடலாம்; நூறு வீடுகள் உள்ள பெயருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. யாரும் யாரையும் ஒடுக்கவில்லை, ஆனாலும் சிறிய பெயர்கள் போய்விடுகின்றன. என் சிறு வயதில் எங்கள் ஊரில் கேட்ட இரண்டு பெயர்களை இன்று சொல்லிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பெரிய பெயரும் இப்போது தேய்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அது நியாயமான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். தமிழ்நாடு முழுவதும் முதலெழுத்து வழக்கம் வேரூன்றியபோது, எங்கள் குடும்பப் பெயர்களும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து கழன்றுவிட்டன. ஞானஸ்நானப் பதிவேட்டில் நான் பர்னாந்து. பள்ளிச் சான்றிதழில் வெறும் அ. சூசை. வாக்காளர் பட்டியலை வைத்து எண்ணினால் பர்னாந்து அருகிவிட்டதாகத் தோன்றும், கோவில் ஏட்டை வைத்து எண்ணினால் தெருவெல்லாம் அவர்கள்தான். எழுத்துக்கூட்டலும் குழப்பும். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தின் பெயரையே பெர்னாண்டஸ் என்றும் எழுதக் காண்கிறோம். கடலுக்கு அப்பால் இலங்கையிலோ இதே பெயர், பெரேரா, சில்வாவோடு சேர்ந்து, சிங்களவரிடையே மிகப் பரவலாக இன்றும் முழுமையாக எழுதப்படுகிறது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகன் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என் பெயரைப் போட்டார்கள். அவன் கனடாவில் குடியேறினான். அங்கே பிறந்த பேரனுக்குக் குடும்பப் பெயர் 'சூசை'. இனி அவன் பிள்ளைகளுக்கும் அதுதான். போர்த்துக்கீசியத்தில் பெர்னாந்தஸ் என்றால் பெர்னாந்துவின் மகன் என்று பொருள். அங்கேயும் ஒரு தகப்பனின் சொந்தப் பெயர்தான் குடும்பப் பெயராக உறைந்தது. இன்று உலகத்தில் ஒரே ஒரு வீட்டின் குடும்பப் பெயராக என் பெயர் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன். அதைப் பார்க்கும்போது மகிழ்ச்சி. பர்னாந்து எங்கள் கிளையில் என்னோடு முடிவதைப் பார்க்கும்போது துக்கம்.

பங்குத்தந்தையருக்கும் கல்லூரி வரலாற்றுத் துறைகளுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கடற்கரைப் பங்குகளின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் உப்புக்காற்று பட்டுத் தாள்கள் பொடிகின்றன. அவற்றைப் படமெடுத்து, எந்தப் பெயர் எந்த ஆண்டில் எத்தனை வீடுகளில் இருந்தது என்று ஊர்வாரியாக எண்ணி வையுங்கள். எண்ணுவதற்கு எங்கள் ஊர் முதியவர்கள் உடன் இருப்போம். எந்த எழுத்துக்கூட்டல் எந்த வீட்டுக்கு உரியது என்று இன்றைக்கு எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அ. சூசை பர்னாந்து,
மணப்பாடு.