வண்ணம் சுரண்டப்பட்ட மரக்குதிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழம்பொருட்களால் வரவேற்பறையை அலங்கரிப்பது பற்றிய பக்கத்தில், அமெரிக்கக் குடை ராட்டினம் ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட மரக்குதிரையின் படம் வெளியாகியிருந்தது. வண்ணம் முழுவதும் சுரண்டப்பட்டு, மரத்தின் ரேகை தெரிய மெருகேற்றப்பட்டிருந்த அக்குதிரை தன் அசல் அழகுக்குத் திரும்பிவிட்டதாகப் படக்குறிப்பு பாராட்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தச்சுத் தொழில் கற்பித்தவன் என்ற முறையில், அப்பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குதிரை தன் அசல் அழகை இழந்து நிற்கிறது என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

மேரிலாண்ட் மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு மிக அருகில் உள்ள கிளென் எக்கோ பூங்காவில் 1921-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட குடை ராட்டினம் இன்றும் சுழன்றுகொண்டிருக்கிறது. மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில் பேரனை அங்கே அழைத்துச் சென்றேன். அவன் ஒருமுறை ஏறி இறங்கியதோடு திருப்தியடைந்துவிட்டான், நான்தான் மறுபடி மறுபடி போனேன். 40 குதிரைகள், 4 முயல்கள், 4 தீக்கோழிகள், ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு மான், ஒரு ஒட்டகச்சிவிங்கி என 52 மர உருவங்களும், நடக்க இயலாதவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் அமர இரண்டு ரதங்களும் அதில் உள்ளன. செய்தவர்கள் பிலடெல்ஃபியாவின் டென்ட்செல் பட்டறையினர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குஸ்டாவ் டென்ட்செல் 1867-இல் ராட்டினம் கட்டத் தொடங்கினார். 1909-இல் அவர் மறைந்தபின் மகன் வில்லியம் தொழிலை நடத்தினார். வில்லியமும் 1928-இல் மறைந்ததோடு அந்தப் பட்டறையின் கதை முடிந்தது. அன்றைய அமெரிக்க ராட்டினச் சிற்பிகளில் பெரும்பாலோர் இவ்வாறு கடல் கடந்து வந்தவர்களே. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் குதிரை செதுக்கிய யூதச் சிற்பிகள் சிலர், அதே உளியால் தங்கள் தொழுகைக் கூடங்களுக்குச் சிங்கங்களையும் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, மரவேலைக்கு வருகிறேன். ஒரே கட்டையைக் குடைந்து செய்த உருவம் என்று பார்ப்பவர் நினைக்கக்கூடும். அப்படிச் செய்தால் கட்டை காயக் காய வெடித்துவிடும். கால்களும் ஒரு கோடைக்குக்கூடத் தாங்கா. ஆகவே பாஸ்வுட் என்னும், செதுக்க எளிதான மரத்தின் பலகைகளை வச்சிரப் பசையிட்டுப் பெட்டிபோல் சேர்த்து, உள்ளே கூடாக விட்டு, உடலைச் செய்தார்கள். தலை, கழுத்து, கால் ஒவ்வொன்றும் தனித்துண்டு. முழங்காலை மடக்கிப் பாயும் குதிரையின் முன்னங்காலில், மடிப்புக்கு மேலும் கீழும் மரத்தின் ரேகை காலின் நீளவாக்கிலேயே ஓடும்படி துண்டுகளைத் தேர்ந்து, மரமுளை அடித்து இணைத்திருப்பார்கள். ரேகை குறுக்கே ஓடினால், ஏறும் முதல் முரட்டுப் பையனின் உதையிலேயே கால் ஒடிந்துவிடும் என்பதைத் தச்சுப் பட்டறையில் ஒரு மாதம் நின்றவரும் அறிவார். கிளென் எக்கோவில் வெளிவரிசைக் குதிரை ஒன்றின் அருகே நின்று காலில் கை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் நரம்பு புடைத்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. கடிவாளம் இழுத்ததால் உதடு பின்வாங்கிப் பல் தெரிந்தது. அதே குதிரையின் மறுபுறம் சென்று தடவினால், அத்தனை வேலை இல்லை.

இது சோம்பல் அன்று, கணக்கு. அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. ஆகவே குதிரையின் வலப்பக்கமே வெளியே நிற்கும் கூட்டத்தின் கண்ணில் படும். பிடரி மயிர், சேண அலங்காரம், கண்ணாடிக் கற்கள், பூவேலை யாவும் அந்தப் பக்கத்தில் குவிந்திருக்கும். வலஞ்சுழியாகச் சுற்றும் இங்கிலாந்து ராட்டினங்களில் இது தலைகீழாக இருக்கும். தங்கள் இணைப்பிதழில் வந்த படத்தில் பார்வையாளரை நோக்கியிருப்பது குதிரையின் இடப்பக்கம். உடைமையாளர் அதைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார் என்பது படத்தை வெளியிட்டவர்களுக்கும் தெரியவில்லை.

உள்வரிசைக் குதிரைகள் ஏறி இறங்குவதற்கும் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. நடுக்கம்பத்தின் மேலே அசையாத பற்சக்கரம் ஒன்று இருக்கும். குடைக்கம்பிபோல் விரியும் சட்டங்களோடு சேர்ந்து சுற்றும் வளைதண்டுகளின் முனையில் உள்ள சிறு பற்சக்கரங்கள் அதன்மேல் உருளும். வளைதண்டு புரளப் புரள, அதில் தொங்கும் கம்பியும் குதிரையும் எழுந்து தாழும். கிளென் எக்கோவில் 1926-இல் வந்த வுர்லிட்சர் நிறுவனத்தின் இசைக்கருவி, துளையிட்ட காகிதச் சுருளைப் படித்து, குழலையும் முரசையும் தானே இசைக்கிறது. அந்த ஓசையோடும், கண்ணாடிகளில் சிதறும் விளக்கொளியோடும், முன்னும் பின்னும் ஓடும் மற்ற மிருகங்களோடும் சேர்த்துத்தான் சிற்பி தன் குதிரையைக் கற்பனை செய்தான்.

வண்ணம் பற்றியே முக்கியமாக எழுத விரும்பினேன். தான் ஒட்டிய துண்டுகளின் இணைப்புக்கோடுகள் தெரிய வேண்டும் என்று எந்தத் தச்சனும் விரும்பியிருக்க மாட்டான். உப்புத்தாள் போட்டு, அடிப்பூச்சு பல தடவி, எண்ணெய் வண்ணமும் தங்கரேக்கும் வைத்து, வார்னிஷ் இட்ட பிறகே அவன் வேலை முடிகிறது. பின்னாளில் பூங்கா ஊழியர்கள் அதன்மேல் திரும்பத் திரும்ப வெறும் பெயின்ட் அடித்தது உண்மைதான். அதைப் போக்கக் காரத் தொட்டியில் முக்கி எடுப்பவர்கள் அழுக்கோடு அசல் வண்ணத்தையும் கரைத்துவிடுகிறார்கள். பழைய பசையும் நெகிழ்ந்துபோகிறது. கிளென் எக்கோவில் 1983-இல் தொடங்கிய மீட்பு வேலை 2003 வரை நீடித்தது. மேற்பூச்சுகளைச் சிறுகச் சிறுகப் பெயர்த்து, அடியில் கிடைத்த பட்டறை வண்ணத்தைப் பதிவு செய்து, அதையொட்டியே ஒவ்வோர் உருவத்துக்கும் வண்ணம் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள்! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

இந்த ராட்டினமும் சிதறிப்போயிருக்க வேண்டியதே. 1968-இல் கேளிக்கைப் பூங்கா மூடப்பட்டு, 1970-இல் ராட்டினம் விலைபோனபோது, அக்கம்பக்கத்து மக்கள் 80,000 டாலர் திரட்டி முழுமையாக மீட்டார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1960 ஜூன் 30 அன்று, வெள்ளையர்களுக்கு மட்டுமே திறந்திருந்த அப்பூங்காவுக்குள் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்கள் நுழைந்து, இதே மிருகங்களின் மீது அமர்ந்தார்கள். கையில் பயணச்சீட்டு இருந்தும் ராட்டினம் இயக்கப்படவில்லை. ஐவர் கைது செய்யப்பட்டனர். அக்கம்பக்கத்து வெள்ளையரும் சேர்ந்துகொண்ட மறியல் கோடை முழுதும் தொடர்ந்தது. 1961-இல் பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அந்த ஐவரின் தண்டனையை 1964-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எந்த நிறத்துக் குழந்தையும் இன்று அங்கே ஏறி அமர்கிறது. இணைப்பிதழில் கண்ட குதிரையின்மேல் இனி எந்தக் குழந்தையும் ஏறப்போவதில்லை.

பழைய மரப்பொருட்களின் வண்ணத்தைச் சுரண்டுவது மீட்பு வேலை ஆகாது என்ற விளக்கத்தை அடுத்த இணைப்பிதழில் அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலுமானால், சுழலும் ராட்டினம் ஒன்றின் படத்தையும் உடன் சேர்க்கலாம், வலப்பக்கம் தெரியும்படி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுத் தொழில் ஆசிரியர்,
கும்பகோணம்.