ராத்திரி முழுக்க 20: மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களுக்கும் ஐசியு பொறுப்பு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் ஐசியுவில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி சார்ட் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாடி, பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எல்லாம் மணிக்கு மணி மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் விடியும்வரை 20, 20, 20. யாரும் எண்ணவில்லை என்பது கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும்.

நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் ஏறுவது மூச்சுதான். பிபி தாமதமாகத்தான் இறங்கும். அதுவரை இதயம் வேகமாக அடித்து, ரத்தக்குழாய்கள் சுருங்கி, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ்' மதிப்பெண்ணை, அதாவது நாடி, மூச்சு போன்ற அளவுகளுக்குப் புள்ளி போட்டு நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே காட்டும் முறையை, போட்டுப் பார்ப்போம். வார்டுக்காக வந்த முறைதான், ஆனாலும் ஐசியுவில் ஆக்சிஜன் மாஸ்க்கில் இருப்பவருக்குப் பொருந்தும். ஆக்சிஜனோடு சாச்சுரேஷன் 95, நாடி 118, மேல் பிபி 112, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், நினைவு தெளிவு. மூச்சு 20 என்று எழுதினால் மொத்தம் 6. பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் எண்ணி 26 என்று எழுதினால் 9. 7ஐத் தொட்டாலே அவசரம். பிபியை மட்டும் பார்ப்பவருக்கோ இவர் 'ஸ்டேபிள்'! அதே நாடியை அதே பிபியால் வகுத்துப் பாருங்கள் (ரத்த ஓட்டம் தடுமாறுவதைக் காட்டும் 'ஷாக் இன்டெக்ஸ்' இதுதான்), 1ஐத் தாண்டும். 0.7க்குள் இருக்கவேண்டியது அது.

மானிட்டர்தான் மூச்சை எண்ணுகிறதே என்பீர்கள். மார்பில் ஒட்டிய ஈசிஜி லீடு வழியாக எண்ணுகிறது. நோயாளி இருமினாலும் புரண்டாலும் தப்பாகக் காட்டும். அந்த அலாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிறுநீரும் அப்படித்தான். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். 100 மில்லிக்கு ஒரு கோடு போட்ட யூரோபேக்கில் (சிறுநீர் சேரும் பையில்) அதை எப்படிப் பார்ப்பது? மணிக்கு மணி சிறிய அளவையும் அளக்கக்கூடிய யூரோமீட்டர் வாங்கித் தாருங்கள்.

நின்று எண்ண ஆள் வேண்டும். ஒரு நர்ஸிடம் நான்கு பெட்டைக் கொடுத்துவிட்டு சார்ட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணிச் சொன்னால் கேட்கவும் ஆள் வேண்டும். விடிகாலை 3 மணிக்கு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டால், "பிபி நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?" என்ற பதிலோடு போன் வைக்கப்படுகிறது. மதிப்பெண் 7 வந்தால் நர்ஸே நேரடியாக சீனியர் டாக்டரைக் கூப்பிடலாம், அவர் எத்தனை நிமிடத்தில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்து யார் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சர்க்குலர் போடுங்கள். அதை நர்ஸிங் ஸ்டேஷன் போனுக்கு மேலே நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஐசியு செவிலியர்